ஆள் இல்லாமல் பம்ப் ஓடக்கூடாது

பேர்னாட் நாற்பது வருடம் மட்டக்களப்பில் பம்ப் ஓட்டியவர். கடைசியாக வேலை செய்தது, கழிவுநீர்ச் சுரங்கத்துக்காக வாவிக்கரையில் தோண்டிய குழியில். சுற்றியுள்ள மணலிலிருந்து ஆறு பம்புகள் ஓயாமல் நீரை இறைத்தால்தான் குழியின் அடித்தளம் பொங்காமல் நிற்கும். ஆள் இல்லாமல் பம்ப் ஓடக்கூடாது என்று விதி எழுதியவள் அவருடைய மகள் றொசானி. அந்த வேலையின் பொறியியலாளர்.

குருத்தோலை ஞாயிறு காலை, மாற்றாளான றெஜியைப் பவனிக்குப் போய் வரச் சொல்லிவிட்டு அவர் தனியே நின்றார். ஒன்பது மணிக்குக் கொழும்பிலிருந்த மகளை அழைத்தார்.

“நெஞ்சுக்குள்ள என்னவோ அடைக்கிற மாதிரிக் கிடக்கு மகள்.”

“உடன ஆஸ்பத்திரிக்குப் போங்க அப்பா.”

“அப்ப பம்ப ஆரு பாக்கிற? இஞ்சினியர் அம்மா என்னை வேலையால நிப்பாட்டிப் போடுவா.” சிரித்தார்.

றொசானி ஒரு கணம் குழியை நினைத்தாள். “சரி, றெஜி வந்த உடன போங்க.”

“ஓம் மகள்.”

நாற்பது நிமிடம் கழித்து றெஜி குருத்தோலையோடு வந்தபோது, பேர்னாட் கதிரையில் சாய்ந்தபடி இறந்திருந்தார். ஆறு பம்புகளும் ஓடிக்கொண்டிருந்தன.

அடக்கம் முடிந்த மறுநாள் றொசானி ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அத்தனை பம்பும் ஒரேயடியாக நின்றிருந்தாலும், அடித்தளத்தைத் தண்ணீர் எட்ட ஒன்றரை மணித்தியாலம் ஆகியிருக்கும். ஆஸ்பத்திரி பத்து நிமிடத் தூரம். விதி எழுதிய நாளில் இந்தக் கணக்கை அவள் போடவில்லை.

தேத்தண்ணியோடு வந்த அம்மா றோசம்மா, “என்ன மகள் எழுதிற?” என்று கேட்டார்.

“ஒண்டும் இல்லம்மா,” என்று தாளை மடித்தாள்.