நாலரை அங்குலம்

1. வியாழக்கிழமை

வீட்டுக்காரர் மறுத்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பட்டறையில் ஒரு சக்கர நாற்காலியின் முன்சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கை முழுக்கக் கிறீஸ். தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்டேன்.

"மிஸ், வீல்செயார் எண்டு நீங்க சொல்லேல்லையே," என்றார் கொழும்பு வெள்ளவத்தையின் வீட்டுத் தரகர் பாஸ்கரன்.

"முதல் நாளே சொன்னனான் அண்ணை."

"எனக்குச் சொன்னீங்க. நான் அவருக்குச் சொல்ல மறந்திட்டன். இப்பதான் சொன்னன். தரைக்குப் புது மாபிளாம், சில்லு கீறுமாம்."

"றப்பர் சில்லு அண்ணை. கீறாது."

"அதையும் சொன்னனான். பிறகு எந்த ஊர் ஆக்கள் எண்டு கேட்டார். மாங்குளம் பக்கம் எண்டன். சண்டை நடந்த இடத்து ஆக்கள் வேண்டாமெண்டு வைச்சிட்டார்."

மாங்குளத்தில் எங்கள் நிலையத்தில் நான் சக்கர நாற்காலிகளை அளந்து பொருத்துகிறேன், பழுது பார்க்கிறேன். தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரவியல் படித்துவிட்டு வந்து ஆறு வருடமாகிறது. நியமனக் கடிதத்தில் இல்லாத இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. சிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போய் வாரக்கணக்கில், இரண்டு மூன்று கிழமை நிற்க வேண்டியவர்களுக்குத் தங்குமிடம் தேடிக் கொடுப்பது. அந்த வேலை இனி, நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் வரப்போகிறது. ஆகவே, நான் பிழை விட்ட ஒரு தடவையைப் பற்றி எழுதுகிறேன்.

துணுக்காயைச் சேர்ந்த ஜெயந்தி அக்காவுக்கு முப்பத்தாறு வயது. இரண்டு கால்களும் முழங்காலுக்கு மேலேயே துண்டிக்கப்பட்டவை. வீட்டில் தையல் மெசின் வைத்துச் சட்டை தைக்கிறார். கை வலிமை எனக்கு இருப்பதைவிட இரண்டு மடங்கு. சிறுநீரகத்தில் கல் வளர்ந்திருந்தது. கொழும்பில் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைக்க எட்டு மாதம் காத்திருந்தார். சத்திரசிகிச்சைக்கு முன் இரண்டு கிழமை அங்கே தங்கி, கிளினிக்குக்குப் போய்ப் பரிசோதனைகள் செய்ய வேண்டும். சிறுநீரில் கிருமி இருந்தால் திகதி வேறொருவருக்குப் போய்விடும். ஒரு நாளைக்கு மூன்று லீற்றர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முதல் கிளினிக் திங்கட்கிழமை. நிலையத்தின் வான் வண்டி ஞாயிறு விடியப் புறப்படும். அன்று வியாழன். கையில் வீடு இல்லை.

2. ஒன்பது அழைப்புகள்

என்னிடம் எப்போதும் ஒரு லிஸ்ட் இருக்கும். அப்போது அதில் பதினொரு கேள்விகள். லிஃப்ற் இருக்கிறதா, மின்சாரம் நின்றால் அது வேலை செய்யுமா, வாசல் எத்தனை அங்குலம், கழிப்பறையில் உட்காரும் கொமட் இருக்கிறதா, கிளினிக்குக்கு ஓட்டோவில் எவ்வளவு நேரம் என்று போகும். ஏழாவது கேள்வி: படி இருக்கிறதா?

அன்று மாலையும் வெள்ளி முழுவதும் ஒன்பது பேருடன் கதைத்தேன். கிழமைக் கணக்கில் தர ஏலாது, ஆறு மாதமென்றால் கதைக்கலாம் என்றார் ஒருவர். இரண்டு பேர் அடையாள அட்டைப் பிரதி கேட்டார்கள். அனுப்பினேன், பிறகு எடுக்கவே இல்லை. இன்னொருவருக்கு லிஃப்ற் இருந்தது, ஆனால் அது இரண்டாம் மாடியிலிருந்துதான் தொடங்குமாம். ஏன் அப்படி என்று கேட்டேன். "கட்டினவனைத்தான் கேக்கவேணும் பிள்ளை," என்றார்.

எங்கள் பொறுப்பாளர் சிவநேசன் சேர் இரண்டு தரம் பட்டறைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்.

"கிடைச்சிட்டுதோ?"

"இல்லை சேர்."

"ஜெயந்தி மூண்டு தரம் போன் எடுத்திட்டா. நான் கிடைச்ச மாதிரித்தான் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

"ஐயோ சேர், ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"வேற என்னத்தைச் சொல்லுறது?"

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ஒன்பதாவது அழைப்பில் ராஜி அன்ரி கிடைத்தார். அவருடைய ஃபிளாட் மூன்றாம் மாடியில். ஒரு அறையை, வெளியூரிலிருந்து வருபவர்களுக்குக் கிழமைக் கணக்கில் கொடுக்கிறார். கொமட் வைத்த குளியலறை, அறைக்கு வெளியே நடையின் எதிர்ப்பக்கம். குசினியில் சமைக்கலாம். முன்பும் ஒரு நோயாளி தங்கியிருக்கிறாராம். எங்கள் ஊரைக் கேட்டுவிட்டு, "பாவம், அவ்வளவு தூரத்திலயிருந்தோ?" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது.

லிஸ்டை வேகமாக வாசித்தேன். லிஃப்ற் இருக்கு. ஜெனரேற்றர் இருக்கு. வாசல் முப்பத்திரண்டு அங்குலம். கொமட் இருக்கு.

"படி இருக்கோ அன்ரி?"

"ஒரு படியும் இல்லைப் பிள்ளை. கீழயிருந்து கட்டில் வரைக்கும் உருட்டிக்கொண்டே வரலாம்."

பதினொன்றுக்கும் சரி போட்டேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

3. ஞாயிறு பிற்பகல்

ஜெயந்தி அக்காவுடன் அவருடைய அம்மாவும் வந்தார். அவருக்கு முதுகில் வருத்தம், பாரம் தூக்கக்கூடாது. இடத்தைப் பார்த்துவிட்டு அதே வானில் திரும்புவதாக நானும் போனேன்.

அன்ரி சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. வான் நின்ற இடத்திலிருந்து கட்டில் வரை நாற்காலி ஒரு தடக்கும் இல்லாமல் உருண்டது. ஜெயந்தி அக்கா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன்.

கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. நிலைக்குள் இருபத்திமூன்று அங்குலம்தான். நாற்காலியின் அகலம் இருபத்தைந்து. உள்ளே தண்ணீர் வெளியே வராமல் இருக்க, வாசலில் சீமெந்தால் ஒரு கட்டு. அதன் உயரம் நாலரை அங்குலம்.

"அன்ரி, படி இல்லையெண்டு சொன்னீங்கள்."

"படி இல்லைத்தானே? இது கட்டெல்லோ. எல்லா வீட்டிலயும் இருக்கிறதுதானே."

உண்மை. எல்லா வீட்டிலும் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் இருக்கிறது. நான் படி என்று எழுதியபோது நினைத்தது வேறு, அவர் கேட்டபோது நினைத்தது வேறு. குளியலறை வாசலின் அகலத்தை நான் கேட்கவே இல்லை.

நடைக்கு அடுத்ததாக மண்டபம். அங்கே அன்ரியின் இரண்டு பெடியன்கள் தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பல்கலைக்கழகம் போகிற வயது. குளியலறைக்குப் போகிற எவரும் அவர்கள் கண்ணில் படாமல் போக முடியாது. கீழே வான் சாரதி ஹோர்ன் அடித்தார், திரும்ப ஆறு மணித்தியால ஓட்டம். அன்ரி, அம்மா, பெடியன்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நான் கேட்டேன்.

"அக்கா, சமாளிப்பீங்களோ?"

"ஓம் ஓம், சமாளிப்பன். நீங்க வெளிக்கிடுங்கோ. இருட்டப் போகுது."

ஏழாவது கேள்விக்குப் பக்கத்தில் "சமாளிப்பார்" என்று எழுதினேன். வான் நீர்கொழும்பு தாண்டும் வரை அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே வந்தது. அவர் நிலத்தில் இறங்கிக் கையை ஊன்றி எப்படியும் கட்டைத் தாண்டுவார், கை வலிமை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கே இறங்குவார், யாருக்கு முன்னால் இறங்குவார் என்று யோசிக்கவில்லை. அல்லது யோசிக்க விரும்பவில்லை.

4. நாலு மணி அழைப்பு

ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்கு ஜெயந்தி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். சாப்பாடு சரியோ? ஓம். லிஃப்ற் வேலை செய்யுதோ? ஓம். தண்ணி குடிக்கிறீங்களோ? ஓம். குளியலறை? ஓம் தங்கச்சி, பிரச்சினை இல்லை. நாலு நாளும் ஓம். தாளில் எழுதுவதற்குப் பிழையாக எதுவும் கிடைக்கவில்லை.

ஐந்தாம் நாள் ஜெயந்தி அக்காவின் அம்மா எனக்கு எடுத்தார். பின்னால் கிளினிக்கின் இரைச்சல்.

"பிள்ளை, சோதினை சரிவரேல்ல. கிருமியாம். மருந்து தந்திருக்கினம். வாற புதன் திரும்ப எடுப்பினம், அதுவும் பிழைச்சா திகதி இல்லையாம்."

"தண்ணி குடிக்கிறா எண்டுதானே சொன்னவா அம்மா?"

"எங்கை குடிக்கிறாள்? விடியக் காலமை ஒரு கப். பிறகு அந்தப் பெடியள் படுக்கப் போகும் மட்டும் வாயில ஒரு சொட்டும் வைக்காள். குடிச்சாப் போகவேணுமெல்லோ. நிலத்தில அரக்கி அரக்கிப் போறதை அதுகள் பாக்குமெண்டு..."

இணைப்பு அறுந்தது. நான் எழுந்து போய்க் கை கழுவினேன். கையில் கிறீஸ் இருக்கவில்லை.

பிறகு ஜெயந்தி அக்காவுக்கு எடுத்தேன்.

"அம்மா சொல்லிப்போட்டாவோ?"

"ஏன் அக்கா என்னட்டைச் சொல்லேல்ல?"

"என்னத்தைச் சொல்லுறது? அண்டைக்குச் சபை கூட்டினமாதிரி எல்லாரையும் வைச்சுக்கொண்டு சமாளிப்பீங்களோ எண்டு கேட்டீங்கள். ஏலாதெண்டா என்ன செய்திருப்பீங்கள்? வீடு இல்லை, வான் கீழ நிக்குது. நீங்க ரெண்டு நாளா நித்திரையில்லாமத் தேடினதும் எனக்குத் தெரியும். நான் ஓமெண்டு சொன்னது உங்களுக்காகத்தான்."

"இண்டைக்குத் தண்ணி குடியுங்கோ அக்கா, நான் வாறன்," என்று மட்டும் சொன்னேன்.

"வந்து என்ன செய்யப் போறீங்கள்? கட்டை உடைக்கப் போறீங்களோ?"

5. இரண்டு வாங்குகள்

புதன்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. வேறு வீடு தேடினால் இரண்டு நாள் போகும், கிடைக்கும் என்பதும் நிச்சயமில்லை. சாய்தளம் போடலாமா என்று கணக்குப் பார்த்தேன். நாலரை அங்குலத்துக்கு விதிப்படி நாலரை அடிப் பலகை வேண்டும், நடையின் அகலம் மூன்றடி. போட்டாலும் நாற்காலி அந்த வாசலால் போகாது.

சிவநேசன் சேர் என் தாளை வாங்கிப் பார்த்தார். "கட்டு இருக்கட்டும். ஜெயந்தி அதில முட்டாமப் போக வழி இருக்கோ எண்டு பாரும்," என்றார்.

அப்போதுதான் பிடிபட்டது. ஒட்டுப்பலகையில் பெஞ்சு போல இரண்டு சிறிய வாங்குகள், நாற்காலியின் இருக்கைக்கும் கொமட்டுக்கும் சமமான உயரம். ஒன்று வாசலுக்கு வெளியே, ஒன்று உள்ளே. நாற்காலியிலிருந்து வெளி வாங்குக்கு நகர வேண்டும். அங்கிருந்து கையை ஊன்றிக் கட்டுக்கு மேலால் உள் வாங்குக்கு. அங்கிருந்து கொமட்டுக்கு. நிலத்தில் இறங்கவே தேவையில்லை. அம்மா வெளி வாங்கை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தலாம். அதற்குப் பாரம் தூக்க வேண்டியதில்லை. வாங்குகளின் கால்களை நட் போல்ட்டில் கழற்றிப் பூட்டும்படி செய்து, வழுக்காமல் அடியில் றப்பர் ஒட்டினேன். மறுநாள் மாங்குளத்தில் புகையிரதம் ஏறியபோது, பலகைகளைப் பார்த்த ஒருவர், "தங்கச்சி கடை திறக்கப் போறீங்களோ?" என்று கேட்டார்.

ராஜி அன்ரி கதவைத் திறந்ததும் பலகைகளைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நான் படி எண்டா மாடிப்படி எண்டுதானே பிள்ளை நினைச்சன். அவ ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாப் பெடியளை உள்ளுக்கு அனுப்பியிருப்பன்."

"அவா சொல்லமாட்டா அன்ரி. நான்தான் கேட்டிருக்கவேணும்."

இந்தத் தடவை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுத்தான் ஜெயந்தி அக்காவுடன் கதைத்தேன். வாங்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும், கை எங்கே பிடிக்கும், உள்ளே எது எட்டாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். வெளி வாங்கின் உயரம் அரை அங்குலம் கூடிப்போச்சு என்றார். அறுத்தேன். வாளியை இடப்பக்கம் வைக்கச் சொன்னார். வைத்தேன். பிறகு எல்லோரையும் மண்டபத்திலிருந்து போகச் சொல்லிவிட்டு அவரும் அம்மாவும் மட்டும் ஒத்திகை பார்த்தார்கள். நான் லிஃப்றுக்குப் பக்கத்தில் நின்று கொண்டிருந்தேன். குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

திரும்பி வருகிற புகையிரதத்தில் லிஸ்டைத் திருத்தினேன். படி என்ற சொல்லை வெட்டிவிட்டேன். இப்போது, கட்டிலிலிருந்து கொமட் வரை கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கிறோம், ஒவ்வொரு வாசலிலும் அளவு நாடாவைப் பிடித்துக் காட்ட வேண்டும். அதைவிட முக்கியமானது, தங்கப்போகிறவரிடம் தனியாகக் கேட்பது. சமாளிப்பீங்களோ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எங்கள் ஆட்களிடம் ஒரே பதில்தான் இருக்கிறது, அதை அவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். விடிய எழும்பியதும் முதலில் என்ன செய்வீர்கள், பிறகு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். எந்த இடத்தில் பேச்சு நிற்கிறதோ அங்கேதான் எங்கள் வேலை இருக்கிறது.

புதன்கிழமை முழுவதும் பட்டறையில் ஒரு வேலையும் ஒழுங்காக ஓடவில்லை. ஒரே போல்ட்டை மூன்று தரம் கழற்றிப் பூட்டினேன். இரண்டே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, சோதினை சரியாம். திகதி மாறாதாம்."

கையிலிருந்த போல்ட்டை மேசையில் வைத்தேன்.

"கேக்குதோ?"

"கேக்குது அக்கா."

"சரி, வையுங்கோ. நான் போகவேணும். காலமையிலயிருந்து இது அஞ்சாந்தரம்."