ஓவர்சியர் எதைச் சொல்ல வந்தார்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது மார்கழியில் கொரட்டூர் ஏரிக்கரையில் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்தது. கரை உடைந்துவிடும் என்று ஊர் ஆண்கள் பயந்தார்கள். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கலை வெட்டி, ஏரித் தண்ணீரை ஓடையில் விட்டுவிடலாம் என்று பேச்சு எழுந்தது. வெட்டினால் கரைக்கு ஆபத்து இல்லை. ஆனால் பாய்ச்சத் தண்ணீர் இல்லாமல் பயிர் போய்விடும். கதிர் வெளிவரும் நேரம் அது. என் நாத்தனாருக்கு வாய்க்கால் முடிகிற கடைமடையில் அரைக் காணி இருந்தது. அவள் புருஷனுக்கு ரயில் பட்டறையில் வேலை. நாற்று விட்டதிலிருந்து களை எடுத்தது வரை எல்லாம் அவள்தான்.

கரையைப் பார்க்க மராமத்து இலாகா ஓவர்சியர் வந்தார். கசிவில் கை வைத்துப் பார்த்துவிட்டு, கரைமேல் ஏறி நின்று பேசினார். ஆண்கள் சுற்றி நின்றார்கள். நாங்கள் பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றோம்.

எங்கள் ஊர்க் கூட்டங்களில் நாட்டாமை முதலில் நியாயங்களை எல்லாம் சொல்லி, முடிவைக் கடைசியில்தான் சொல்வார். அதனால் ஆரம்பத்தில் யாரும் காது கொடுப்பதில்லை. வெற்றிலை போடுவார்கள், மாட்டு விலை பேசுவார்கள். பேச்சு முடியப்போகும் சமயம்தான் நிமிர்வார்கள். அன்றும் அப்படித்தான் நின்றார்கள்.

ஓவர்சியரோ வாய் திறந்ததும் கலங்கலை வெட்ட வேண்டாம் என்றார். கசிகிற தண்ணீர் தெளிவாக இருக்கிறது, மண்ணை அரித்துக்கொண்டு வரவில்லை என்றார். மழை ஓய்ந்துவிட்டது, இனி ஏரிக்கு வரத்து இல்லை என்றார். மதகு வழியாக வயலுக்கு விடுவதிலேயே மட்டம் இறங்கிவிடும் என்றார். கடைசியில், நீங்கள் பயப்படுவதும் நியாயம்தான், பழைய கரை, தண்ணீர் தளும்பி நின்றால் தாங்காது என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டார்.

தாங்காது என்ற வார்த்தைதான் எல்லார் காதிலும் நின்றது. கடப்பாறைகள் வந்துவிட்டன. அவர் முதலில் சொன்னதை நான் கேட்டிருந்தேன். ஆனால் பேசிக்கொண்டே வந்து மனசு மாறிவிட்டார் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

நாத்தனார் நேரே நாட்டாமையிடம் போனாள்.

"நைனா, வெட்டணும்னு சொல்ல வந்தவரு, தண்ணி தெளிவா கீதுன்னு எதுக்கு சொல்லணும்?"

கடப்பாறை வைத்திருந்தவர் எங்களுக்கு மாமன் முறை. "புருசன் பட்டறைக்குப் போறான், இவ ஓவர்சியருக்குப் படிக்கிறா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"படிச்சிட்டு வந்து மொத உத்தரவு ஒனக்குத்தான் மாமே. கடப்பாறைய கீழ வை."

முதலிலேயே வேண்டாம் என்றாரே என்று அவள் சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால், நாங்கள் கேட்கவில்லை என்று அவர்கள் சாதித்திருப்பார்கள். பின்னால் அவர்கள் காதில் அரைகுறையாக விழுந்த காரணங்களையே எடுத்தாள். தண்ணீர் தெளிவு, அதனால் வெட்டுங்கள் என்றால் பொருந்துகிறதா? மழை ஓய்ந்தது, அதனால் வெட்டுங்கள் என்றால்? மதகு வழியாகவே மட்டம் இறங்கும் என்றவர் கலங்கலை எதற்கு வெட்டச் சொல்கிறார்? வெட்ட வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றும் அதைத் தாங்கி நிற்கிறதா இல்லையா, பாருங்கள் என்றாள். நாலு பேர் நடுவில் எனக்கு நாக்கு எழாது. அவளுக்குக் குரல் கூட உயரவில்லை.

நாட்டாமை யோசித்தார். "கரை தாங்காதுன்னாரேம்மா?"

"தளும்பி நின்னா தாங்காதுன்னு சொன்னாரு, நைனா. தளும்பியா நிக்குது?"

எல்லாரும் ஏரியைத் திரும்பிப் பார்த்தோம். கரைக் கல்லில் பழைய நீர்மட்டத்தின் கறை தெரிந்தது. தண்ணீர் அதற்கு ஒரு முழம் கீழே கிடந்தது. நாட்டாமை கீழே இறங்கி, கசிவை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். மண் இல்லை. கலங்கல் பக்கம் யாரும் போகக் கூடாது, மதகைத் திறவுங்கள் என்றார். மாமன் கடப்பாறையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மதகுக்கு நடந்தார்.

அன்று பிற்பகல் தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. நாத்தனார் அதனோடு கூடவே நடந்தாள். நானும் பின்னால் போனேன். கடைமடையை அடைந்ததும் அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மடையை வெட்டினாள். தண்ணீர் முதல் வரிசைப் பயிரின் அடியைத் தொட்டது.

"இன்னா அண்ணி நின்னுகினு கீறீங்க," என்றாள். "அந்தப் பக்கம் வரப்பு ஒழுகுது, மண்ணப் போடுங்க."