மண்டிக்குள் ஓடிய கல்யாணப் படம்

அறுபதுகளின் நடுவில், செஞ்சி கடைத்தெருவில் எங்களுக்கு மல்லாட்டை மண்டி, அதுதான் வேர்க்கடலை மொத்தக் கடை, இருந்த நேரம். என் மகளுக்கு இரண்டரை வயது. பேச்சே வரவில்லை. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பவும் மாட்டாள். பாண்டிச்சேரியில் ஒரு காது டாக்டரிடம் காட்டினோம். பிறவியிலேயே கேட்கவில்லை, இதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு வயசு வரைக்கும் கேட்டது, பிறகு வந்த கடும் காய்ச்சலில்தான் போனது என்று அடித்துச் சொன்னேன். "எல்லா அம்மாவும் இப்படித்தாம்மா சொல்றாங்க" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது என் வீட்டுக்காரரும், "சும்மா மனசைப் போட்டு அலட்டிக்காத" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அந்தச் சமயத்தில் சிங்கப்பூரிலிருந்து கொழுந்தனார் லீவில் வந்தார். முந்தைய லீவில் நாத்தனார் கல்யாணத்தைச் சின்ன சினிமா கேமராவில் பிடித்துக்கொண்டு போனவர், இப்போது பிலிமையும் அதை ஓட்டும் மெஷினையும் கொண்டு வந்திருந்தார். காய்ச்சலுக்கு முன்னால் நடந்த கல்யாணம் அது.

பட்டப்பகலில் மண்டிக் கதவுகளைச் சாத்தி, மூட்டைகள் மேல் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் ஓட்டினார். சத்தமில்லாத படம். எல்லாரும் அவரவர் முகத்தைத் தேடிச் சிரித்தார்கள். நான் படத்தில் இருந்த மகளையே பார்த்தேன். என் தோளில் சாய்ந்திருக்கிறாள். தெருக்கோடியில் வெடிப் புகை குப்பென்று கிளம்ப, அவளுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

"நிறுத்துங்க தம்பி!"

"நிறுத்தினா சூட்டுல பிலிம் பொசுங்கிடும் அண்ணி."

பின்னால் சுற்றி மறுபடி ஓட்டினார். கண்ணிமைப்பதற்குள் அந்த இடம் ஓடிவிடும். கடைசியில் ரீலில் அந்த இடத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகினார். ஆனால் வீட்டுக்காரர், "நீ அதிர்ந்த, அதுல கொழந்தையும் அதிர்ந்துது" என்றார். உண்மைதான். படத்தில் நானும்தான் துள்ளியிருந்தேன். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

விடாமல் முதலிலிருந்து ஓட்டச் சொன்னேன். முடியும் தறுவாயில் கிடைத்தது. பாயில் தனியாக உட்கார்ந்து தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். யாரும் அவளைத் தொடவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் மேளக்காரர் கையை ஓங்குகிறார். கெட்டிமேளம். சட்டென்று திரும்பிப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கிறாள்.

வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "இன்னொரு தபா போடுடா" என்றார். பார்த்தார். அங்கேயும் ஒரு காகிதத்தைச் செருகச் சொல்லிவிட்டு, "நாளைக்கே பாண்டிச்சேரி போலாம்" என்றார்.

மெஷினையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனோம். டாக்டர் தன் அறைச் சுவரிலேயே ஓட்டச் சொல்லி, காகிதம் செருகிய இரண்டு இடங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். அப்புறம் மகளை மடியில் வைத்து, காதுக்கருகில் பித்தளைத் தட்டைத் தட்டினார். அவள் கண் சிமிட்டினாள்.

"நான் அவசரப்பட்டுட்டேம்மா. இது கேட்ட காது. கொஞ்சம் மிச்சமும் இருக்கு. மெட்ராஸ் போங்க. காது மெஷின் வெச்சு, பேசிப் பேசிப் பழக்குங்க."

அப்படியே செய்தோம். மார்பில் அந்தக் காது மெஷின் பெட்டியை மாட்டிக்கொண்டு என் பின்னாலேயே சுற்றுவாள். நான் அடுப்போடும் பேசினேன், ஆட்டுக்கல்லோடும் பேசினேன், எல்லாம் அவள் காதில் விழத்தான். அடுத்த மல்லாட்டை அறுவடைக்குள், எடை போட்டுக்கொண்டிருந்த அப்பாவை வாசலில் நின்று "நைனா!" என்று கூப்பிட்டாள். அவர் படிக்கல்லைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

இப்போதும் எந்தத் தாயாவது தன் குழந்தையைப் பற்றி "எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தால், நான் குறுக்கே பேசுவதில்லை. முழுசாகச் சொல்லி முடிக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.