கையால் தோண்டியவர்

துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் நான் சைட் சூப்பர்வைசராக இருந்தபோது எங்களுக்குப் பள்ளம் தோண்டிக்கொடுத்தவர் அவர். கோலார் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு அங்கே வந்து, பழைய பொக்லைன் ஒன்றை வைத்துத் தொழில் நடத்தினார். தம்பிதான் கூட்டாளி, தம்பிதான் கூலியாள். குள்ளமான, தோள் அகன்ற மனிதர். பள்ளத்தில் யாரையும் இறக்கும் முன் பக்கச் சுவரில் காதை வைத்துக் கேட்பார். சுரங்கத்தில் வந்த பழக்கம்.

அன்றும் கேட்டுவிட்டுத்தான் தம்பியை இறக்கினார். குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தபோது மணல் சரிந்து அவனை மூடிவிட்டது. எங்கள் ஆட்களில் ஒருவன் பொக்லைனில் ஏற ஓடினான்.

"வேணாம்பா! பக்கெட் பட்டா அவனுக்கு வலிக்கும்!" என்று கத்தியபடி அவர் கையாலேயே தோண்டினார். நாங்களும் தோண்டினோம். வெளியே எடுத்தபோது தம்பிக்கு உயிர் இல்லை.

உடலை ஊருக்கு அனுப்பிய மறுவாரமே வேலைக்கு வந்துவிட்டார்.

"நீங்களும் கூடப் போயிருக்கலாமே அண்ணே?" என்றேன்.

"பாறைன்னா விழறதுக்கு முன்னாடி சத்தம் குடுக்கும் சார். மணல் ஒண்ணுமே சொல்லல. இத எங்கம்மாகிட்ட போய் எப்படிச் சொல்லுவேன்?"

அவர் மெஷினில் ஏறி அடுத்த பள்ளத்தைத் தோண்டத் தொடங்கினார். எப்படி முடிந்தது அவரால் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.