காயலில் இறங்கிய டாக்ஸி

நான் உயிர்பயத்தில் கத்தியதை நேரில் கண்டவர்கள் மாமாவும் நாலைந்து கொக்குகளும்தான். கொக்குகள் வெளியே சொல்லவில்லை. மாமா சொல்லிவிட்டார். அதனால் இன்றுவரை எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி முடிந்ததும் யாராவது ஒருவர் என்னைப் போலக் கத்திக் காட்டுவார்.

மாமா, அம்மாவின் தம்பி. பழவங்காடியில் டாக்ஸி ஓட்டினார். ஆரியசாலையில் எங்கள் வீட்டு மாடியில்தான் அவரும் அத்தையும் குடியிருந்தார்கள். கோவளம் போன ஒரு வெள்ளைக்காரர் பின்சீட்டில் விட்டுப்போன பத்திரிகையில் ஒரு படம் இருந்தது. கடலுக்கடியில் ஒரு கார் ஓடுகிறது. கண்ணாடி வழியாக ஒரு மீன் டிரைவரை எட்டிப் பார்க்கிறது. இப்படியும் ஒரு கார் செய்யலாமே என்று எங்கோ யாரோ வரைந்து பார்த்த படம். மாமா அதை வெட்டி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டினார். "நம்ம வண்டியையும் இப்படி ஆக்கிரலாம் மக்கா. இடுக்குல பஞ்சை அடைச்சா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்பார். "முதல்ல இது ரோட்டுல ஓடட்டும், கேட்டியளா" என்று அத்தை சிரிப்பாள்.

அந்த வருஷம் ஜூனில், இடவப்பாதி மழையில், அத்தை பிரசவத்தில் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. மாமா பேச்சை நிறுத்திக்கொண்டார். படம் மட்டும் ஒட்டின இடத்திலேயே இருந்தது.

எனக்கு எட்டு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமா வாட்சையும் மோதிரத்தையும் கழற்றி அத்தையின் போட்டோவுக்கு முன்னால் வைப்பதைப் பார்த்தேன். உடனே புரிந்துவிட்டது. நனைந்தால் வாட்ச் கெட்டுப்போகும். அப்படியானால் இன்றைக்குத்தான் வெள்ளோட்டம்! என்னை விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறாரே என்ற ஆத்திரத்தில் முன்னாலேயே ஓடிப்போய், பின்சீட்டுக்குக் கீழே படுத்து, வண்டி துடைக்கும் துணியைப் போர்த்திக்கொண்டேன். கையில் தலையணையிலிருந்து பிடுங்கிய ஒரு பிடி பஞ்சு. விஞ்ஞானத்துக்கு என் பங்கு.

வெள்ளாயணிக் காயல் கடவில் வண்டி நின்றது. டாக்ஸிக்காரர்கள் முன்சக்கரத்தைத் தண்ணீரில் இறக்கி வண்டி கழுவும் இடம். அன்று மழை, ஒருவரும் இல்லை. இன்ஜின் வெகுநேரம் உறுமிக்கொண்டே இருந்தது. பிறகு வண்டி மெதுவாக இறங்கியது.

மீனைப் பார்க்கத் தலையைத் தூக்கினேன். மீன் வரவில்லை. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தது, நேராக என் டிரவுசருக்குள். அத்தோடு விஞ்ஞானம் முடிந்தது. இடுக்கில் அடைக்க வேண்டிய பஞ்சை என் காதில் அடைத்துக்கொண்டேன். ஏன் என்று இன்றும் தெரியாது. பின்னாலிருந்து மாமாவின் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். "மாமோ! வண்டி சரியில்ல மாமோ! படத்துல உள்ளது இது இல்ல!"

மாமா திரும்பினார். அப்படியொரு முகத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. "லேய்… நீ எப்பம்லே ஏறினே?" என்று கேட்டு, ரிவர்ஸ் போட்டார். சக்கரம் சேற்றில் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது, கடைசியில் பிடித்தது. கரையேறியதும் என்னை முன்னால் இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதார். சோதனை தோற்றுப்போன துக்கம் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவரைத் தேற்றினேன்.

வீட்டில் அவரேதான் சொன்னார். கழுவப்போன இடத்தில் வண்டி சறுக்கிவிட்டதாம். என் கத்தலை நடித்தும் காட்டினார். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. தம்பியின் வெறும் கையைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போய் அந்த வாட்சை எடுத்து வந்து, அவர் மணிக்கட்டில் தன் கையாலேயே கட்டிவிட்டாள்.

எனக்கு அடி நிச்சயம் என்று காத்திருந்தேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா, "போ, மாமாகூட முன்சீட்டுல இருந்துக்கோ" என்றாள். அடுத்த நாளும் அதையே சொன்னாள். மழை ஓயும்வரை சாயங்காலங்களிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் முழுநாளும் நான் அந்த சீட்டில் இருந்தேன்; சவாரிக்காரர்கள் முறைத்தாலும் இறங்கவில்லை. காயலில் காட்டிய வீரத்துக்கு அம்மா கொடுத்த பரிசு அது என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.