ஐம்பத்தெட்டுப் புள்ளி வாங்கிய கை

செல்மா லிண்ட்கிரென், நெப்ராஸ்காவில் ஒரு சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் தட்டச்சு கற்பித்தார். ஒவ்வொருவரின் வேகத்தையும் பிழையையும் வெள்ளிக்கிழமைதோறும் நோட்டில் குறித்து வைப்பார். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, 1934-ஆம் ஆண்டைத் தவிர.

அந்த ஜனவரியில் இருபது தட்டச்சு இயந்திரங்களுக்கு முப்பத்தொன்பது பேர் இடம் கேட்டிருந்தார்கள். தலைமையாசிரியர் ப்ரூயிட் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து சோதனைத் தாள் வரவழைத்தார். ஒரு நிமிடத்தில் பென்சிலால் எத்தனை கட்டங்களில் புள்ளி வைக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். எண்பதுக்குக் குறைந்தால் அந்தப் பிள்ளைக்குத் தட்டச்சு வராது என்றது தாள்; வகுப்பில் இடமும் கிடையாது.

பண்ணைப் பிள்ளைகளுக்கு முதல் மணியிலேயே சோதனை. விடியுமுன் மாடு கறந்துவிட்டு, ஏழு மைல் திறந்த வண்டியில் பனியில் வந்தவர்கள். விரல் மடங்கவே இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கோ மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அறை சூடேறிய நேரத்தில். ஐடா க்ரோல் என்ற பண்ணைப் பெண் ஐம்பத்தெட்டு வாங்கினாள். தட்டச்சில் இடம் கிடைத்தால்தான் கடைசி வருடப் படிப்பு, இல்லாவிட்டால் ஜூனோடு பள்ளியை விட வேண்டும் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார்.

"கை சூடானப்புறம் இன்னொரு தடவை வைங்க" என்றார் செல்மா.

"ரெண்டாம் தடவை வச்சா அது விஞ்ஞானம் இல்ல, மிஸ் லிண்ட்கிரென்."

"குளிர்ல வெறைச்ச கைக்கு வச்சது மட்டும் விஞ்ஞானமா?"

"பால் கறக்கிற கைக்கு டைப்ரைட்டர் எதுக்குங்க?" என்று ப்ரூயிட் சிரித்தார்.

மறுநாளிலிருந்து மதிய உணவு நேரத்தில் செல்மாவின் சொந்த இயந்திரத்தில் ஐடா உட்கார்ந்தாள். பட்டியலில் பெயர் இல்லாததால் மதிப்பெண் கிடையாது. மே மாதம் அவள் வேகம் நிமிடத்துக்கு நாற்பத்தாறு சொல், ஒரே பிழை. தேர்ந்தெடுத்த இருபது பேரில் ஏழு பேர் இருபத்தைந்தைத் தாண்டவில்லை.

அந்த மாதமே ப்ரூயிட் சோதனையின் பலன் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு ஓர் அறிக்கை எழுதி, "சுத்தமா அடிக்கிற யார்கிட்டயாவது குடுங்க" என்று செல்மாவிடம் நீட்டினார். செல்மா அதை ஐடாவிடம் கொடுத்தார்.

"டீச்சர், எண்பதுக்குக் கீழ வாங்கினவங்கள்ல ஒருத்தரும் தேறலன்னு எழுதியிருக்காரே."

"சேர்த்தாத்தானே தேற முடியும்? நீ அப்படியே அடி. ஒரு எழுத்தும் பிசகக் கூடாது."

பிசகவில்லை. அடித்தவர் தம் பெயரின் முதலெழுத்துகளைத் தாளின் அடியில் இடுவது அங்கே வழக்கம். கையெழுத்துப் போட வந்த ப்ரூயிட்டின் பேனா நின்றது.

"யாரு இந்த ஐ.கே.? இவ்வளவு நல்லா அடிச்சிருக்கே. லிஸ்ட்ல அப்படி யாரும் இல்லையே."

"ஐடா க்ரோல். ஐம்பத்தெட்டு."

ப்ரூயிட்டின் முகம் சிவந்தது. "அந்த எழுத்தை அழிச்சிடுங்க."

"அடிச்சவங்க பேரை அழிக்க நான் யாருக்கும் சொல்லிக் குடுக்கல. கார்பன் பிரதி என் மேஜையில இருக்கு. அனுப்ப அந்தப் பல்கலைக்கழகத்து விலாசமும் இருக்கு. அவ பேரை லிஸ்ட்ல எழுதுங்க."

எழுதினார். அறிக்கையின் வரியை மட்டும் மாற்றவில்லை. அடுத்த ஜனவரியிலும் பண்ணைப் பிள்ளைகளுக்கு முதல் மணியிலேயே சோதனை நடந்தது.

1934-ஆம் ஆண்டு நோட்டில், இடம் கிடைக்காத மீதிப் பதினெட்டுப் பேருக்கும் செல்மா ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கியிருந்தார். பெயருக்குக் கீழே ஒரே சொல்: "சேர்க்கப்படவில்லை."