ஆக்சிலேட்டர் லூஸ்

என் மனைவியின் ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டரை மூன்று முறை இறுக்கினோம். மூன்றும் என் டைரியில் இருக்கின்றன. மழை பெய்த நாள், சிலிண்டர் மாற்றிய நாள், பேரிக்காய் மரம் பூத்த நாள் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவன் நான். பிறருடைய நாட்குறிப்புகளைப் படித்துப் படித்துத் தொற்றிக்கொண்ட வழக்கம். எழுதி வைத்தால் எதுவும் கண்ணுக்குத் தப்பாது என்று நம்பியிருந்தேன்.

எங்கள் வீடு பெருமாள்மலையில். அவள் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலை பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போவது அவளுக்கு ஆகாது. தானே ஓட்டிக்கொண்டு போய், தானே ஓட்டிக்கொண்டு வர வேண்டும். ரிட்டையர் ஆகிற நாள்வரை இந்த ரோட்டில் இப்படித்தான் போவேன் என்பாள்.

ஜூன் இரண்டாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "லூசா இருக்குங்க. பிடிக்க மாட்டேங்குது."

நான் எழுதியது: 'ஸ்கூட்டர் ஆக்சிலேட்டர் லூஸ். பிடிக்கவில்லை.'

மறுநாள் வண்டியோடு வந்த கையேட்டைப் படித்துவிட்டு நானே உட்கார்ந்தேன். கைப்பிடியைத் திருகினால் முதலில் கொஞ்சம் வெறுமனே சுற்றும். அதன் பிறகுதான் கேபிளை இழுக்கும். அந்த வெற்றுச் சுற்று கையேட்டில் சொன்னதைவிட உண்மையிலேயே அதிகமாக இருந்தது. ரப்பர் உறையைத் தள்ளி, நட்டைத் தளர்த்தி, கேபிளை இழுத்துப் பிடிக்கிற திருகை இரண்டு சுற்று சுற்றினேன். வண்டியிலும் நிஜமாக ஒரு குறை இருந்துவிட்டதுதான் எங்களை ஏமாற்றியது.

ஆகஸ்ட் கடைசி வாரம் மறுபடி அதே பேச்சு. ஜங்ஷனில் இருக்கும் மெக்கானிக்கிடம் போனோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்துக்காரர். எங்கள் வண்டிகளை இருபது வருடமாகப் பார்க்கிறவர். கைப்பிடி ரப்பரைப் புதிதாகப் போட்டு, இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.

"டீச்சர், இனிமே தொட்டாலே பறக்கும் பாருங்க."

"பறந்தா கீழ பள்ளத்துல வெள்ளகவியிலதான் போய் விழணும்" என்றாள். மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பும் டைரியில் இருக்கிறது.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை. "மேட்டுல ஏறவே மாட்டேங்குது. எவ்வளவு திருகினாலும் நழுவுது." இந்த முறை நானே அரைச் சுற்று இறுக்கினேன். அடுத்த நாள் காலை கொண்டை ஊசி வளைவில் அவள் ஹேண்டிலை ஒடித்ததும் எஞ்சின் தானாகவே அலறியது. தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் காலை ஊன்றி நிறுத்தினாள். அவள் போன் செய்ததும் மெக்கானிக்கும் நானும் போய் அவளையும் வண்டியையும் கடைக்குக் கொண்டுவந்தோம்.

"யாரு சார் இதை இறுக்கினது?"

"நான்தான். அளவு பார்த்துத்தான்."

"நல்லாப் பார்த்தீங்க போங்க. வீட்டு வாசல்ல நேரா நிறுத்தி அளந்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும். வளைவுல ஒடிக்கும்போது கேபிள் இழுபடும்ல? மலை வண்டிக்குக் கொஞ்சம் தொளதொளன்னு கெடக்கணும்."

அரைச் சுற்றைத் திருப்பித் தளர்த்தினார். மேட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். சிறிது நேரம் அவளுடைய கையையே பார்த்தார்.

"டீச்சர், ஏறி உக்காந்து வலது பிரேக்கப் பிடிங்க."

பிடித்தாள். பிரேக் லீவர் பாதி கூட வரவில்லை.

"நல்லா இறுக்கிப் பிடிங்க."

"பிடிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்" என்றாள்.

அவர் கையைத் துணியில் துடைத்தார். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "வண்டியில சோலி ஒண்ணுமில்ல சார். வெரசா டாக்டர்கிட்ட காட்டுங்க."

மதுரையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப இருந்து?" அவள் என்னைப் பார்த்தாள். தேதி எல்லாம் என்னிடம்தானே இருக்கிறது. டைரியைப் பிரித்து வாசித்தேன். "நான் வண்டியக் கேக்கல சார்" என்றவர், பாதியில் புரிந்துகொண்டு, ஒவ்வொன்றையும் தன் தாளில் எழுதிக்கொண்டார். கைக்கும் காலுக்கும் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கிற நோய். நிறுத்த மருந்து இல்லை. முன்பே வந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து அந்த ஜூன் மாதத்துப் பக்கத்தைப் பல தடவை பிரித்துப் பார்த்துவிட்டேன். பிடிக்க மாட்டேங்குது என்றுதான் சொன்னாள். எது என்று சொல்லவில்லை. நம் பேச்சில் அதைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. 'ஸ்கூட்டர் ஆக்சிலேட்டர்' என்று சேர்த்தது நான்.

ஒரு நாள் கேட்டேன்: "உனக்கு அப்பவே தெரிஞ்சதா?"

"இறுக்கினாச் சரியாயிரும்னு நெனச்சேன்" என்றாள்.

ஜனவரியில் இடது கையும் தளர்ந்தது. பள்ளிக்கூடம் நின்றது. வண்டி வாசலில் நிற்கிறது, தொட்டால் சீறுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சால்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் இருந்தவள் கேட்டாள்.

"என்ன செய்றீங்க?"

"லூசாக்குறேன்."

"எதுக்கு?"

திருகைத் திருப்பித் தளர்த்திக்கொண்டே போனேன். மெக்கானிக் இறுக்கிய ஒரு சுற்று, அதற்கு முன் நான் இறுக்கிய இரண்டு. ஜூன் மாதத்தில் இருந்த இடத்துக்கே கேபிள் திரும்பிவிட்டது. கைப்பிடி வெறுமனே சுற்றியது.

"மொத்தம் எத்தனை சுத்து?" என்றாள்.

"மூணு."

"எழுதிக்கோங்க."

எழுதினேன்.